செங்கல் கட்டிய பசு

அது அரைச் செங்கல்தான். அதைத் தேங்காய் நார்க் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, ஈன்ற பசுவின் பின்னால் தொங்கிய நஞ்சுக்கொடியின் நுனியில் கட்டிவிட்டார் என் கணவரின் பெரியப்பா. கனம் இழுக்க இழுக்கக் கொடி விழுந்துவிடும் என்பது அவர் கணக்கு. பசு அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் செங்கல் ஆடி அதன் பின்னங்கால் எலும்பில் இடித்தது. டொக், டொக். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

எனக்குச் சத்தமாகப் பேச வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் என் குரல் தொண்டையோடு நின்றுவிடும். பத்தாவது வரை படித்ததில் எழுத மட்டும் வரும். அன்று பேசாததை இன்று எழுதுகிறேன், அவ்வளவுதான்.

அந்தப் பசு என்னுடையது. தாமல் ஏரியை ஒட்டிய எங்கள் வீட்டுக் கொட்டகையில் பிறந்தது. அப்போது புதிதாக வந்திருந்த ஜெர்சி ஊசியில் பிறந்த கலப்பு. மான் நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை. எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணமாகி உத்திரமேரூர் பக்கத்து ஊருக்கு வந்தபோது, என் அப்பா அதைச் சினையாக என்னோடு அனுப்பி வைத்தார். சீர்ச் சாமான் ஏற்றிய லாரியில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே நின்றுகொண்டு வந்தது. புகுந்த வீட்டில் எனக்கு முன்பே தெரிந்த முகம் அது ஒன்றுதான்.

மாமனார் இல்லை. நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். அவருடைய அண்ணன், அதாவது இந்தப் பெரிய மாமனார், பக்கத்து வீட்டில் இருந்தார். எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவர் சொல்வதுதான். காலையில் காபி குடிக்க எங்கள் வீட்டுக்கு வருவார். குடித்து முடிப்பதற்குள் அன்றைக்கு யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுவார். மாடு விஷயத்தில் அவரை மிஞ்ச ஊரில் ஆள் இல்லை என்று ஒரு பேர். அந்தப் பேரை யார் கொடுத்தார்கள் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். மாடுகள் கொடுத்திருக்காது.

முதல் கன்று நல்லபடியாகப் பிறந்தது. கொடியும் மூன்று மணி நேரத்தில் விழுந்தது. அதை வைக்கோலில் சுருட்டிக் கட்டி, ஏரிக்கரை ஆலமரத்தில் தொங்கவிட்டார்கள். எங்கள் பக்கம் எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். நாய் வாய் வைத்துவிட்டால் பால் வற்றும், பால் வடிகிற மரத்தில் தொங்கினால் மடி நிறையும் என்பார்கள். பூசணிக்காய் அளவுக்கு இருந்தது அந்தப் பொட்டலம்.

இரண்டாவது கன்றுக்குத்தான் இந்தக் கதை. காலையில் ஈன்றது, சாயந்திரம் வரை கொடி விழவில்லை. மறுநாள் செங்கல் கட்டினார்கள். அன்று மத்தியானம் கணவருக்குச் சோறு போடும்போது மெதுவாகக் கேட்டேன்.

"மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கூப்பிட்டா இன்னாங்க? மூணு மைல்தானே?"

"ஒரு கொடி வுழலன்னு டாக்டரா? பெரியப்பா எத்தினி மாட்டுக்கு எடுத்திருக்காரு தெரியுமா உனுக்கு?"

அது பெரிய மாமனார் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏம்மே, உங்க தாமல்ல மாடு கன்னு போட்டா நர்சம்மாவா வந்து பிரசவம் பாக்குறாங்கோ?" என்றார். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார்.

மூன்றாம் நாள் கொட்டகையில் நாற்றம் வந்துவிட்டது. பெரிய மாமனார் முழங்கை வரை விளக்கெண்ணெய் பூசிக்கொண்டு, "கெட்டியா புடிங்கடா" என்று இரண்டு ஆட்களை நிறுத்தி, கையை உள்ளே விட்டு இழுத்தார். பசு கத்திய கத்தலை நான் இங்கே எழுதப்போவதில்லை. கொடி பிய்ந்து பிய்ந்து வந்தது. ரத்தமும் சதையுமாகத் துணுக்குகள் தரையில் விழுந்தன. "வந்திருச்சி பாரு. எங்கைக்கு வராத கொடி எது கீது?" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

அதை வைக்கோலில் சுருட்டிக் கொடுத்தது நானும் என் மாமியாரும்தான். பொட்டலம் ஒரு தேங்காய் அளவுக்குத்தான் வந்தது.

மாமியார் அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். "இத்தினியூண்டா கீது? போன வாட்டி இதுக்கு மூணு பங்கு இருந்துச்சே."

கணவர் கயிற்றை முடிந்துகொண்டே, "சின்ன கன்னு, சின்ன கொடி. நீ சும்மா இரும்மா" என்றார். மாமியார் வாயை மூடிக்கொண்டார். நானும்தான். மீதி எங்கே இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அந்தப் பொட்டலம் ஆலமரத்தில் மற்றப் பொட்டலங்களோடு பல மாதம் தொங்கியது. ஏரிக்குப் போகிற வருகிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். இது ஏன் இவ்வளவு சிறியதாக இருக்கிறது என்று ஊரில் ஒருவர் கேட்கவில்லை.

பதினைந்து நாள் பசு நாறியது. காபிக் கழிவு நிறத்தில் ஒழுகியது. சாம்பிராணி போட்டார்கள், வேப்பிலை கட்டினார்கள். பிறகு நாற்றம் அடங்கியது, தீனி எடுத்தது, பாலும் வந்தது. பெரிய மாமனார் ஜெயித்துவிட்டார்.

மாடு வளர்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பால் தரும் பசு மறுபடி சினையாக வேண்டும். இல்லையென்றால் பால் வற்றியதும் அது வெறும் வாய், தின்னும், அவ்வளவுதான். இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். கத்தும், தீனி எடுக்காது, பின்னால் வழும்பு வடியும். ஒரே நாள்தான். அந்த நாளை விட்டுவிட்டால் மறுபடி இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். நோய் இல்லாத பசுவுக்கு வழும்பு முட்டை வெள்ளைக்கரு மாதிரி, கண்ணாடியாக, அறுபடாமல் நீளமாகத் தொங்கும்.

எங்கள் பசுவுக்கு அப்படி இல்லை. மோரில் திரிந்த துணுக்கு மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. விடியற்காலையில் பால் கறக்க உட்காருகிறவளுக்குத்தான் அது தெரியும். கறக்கிறவள் நான். ஆனால் அதை ஆண்களிடம் நான் சொல்லக் கூடாது. மாடு பருவத்துக்கு வந்தது என்று மருமகள் வாயால் சொல்வது அசிங்கம். மாமியாரிடம் சொல்ல வேண்டும், அவர் தோது பார்த்துத் தன் பிள்ளையிடம் "மாடு கத்துது" என்று சொல்வார், பிள்ளை பெரியப்பாவிடம் சொல்வார், பெரியப்பா சினை ஊசி போடும் ஊசிக்காரருக்கு ஆள் அனுப்புவார். என்ன நிறத்தில் வடிந்தது என்பது இந்த நாலு வாய்க்குள் எங்கேயோ தொலைந்துவிடும். நேரமும் போய்விடும்.

ஊசிக்காரர் ஒரு தெர்மாஸ் பிளாஸ்கைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வருவார். மாட்டைப் பார்க்காமலே கையுறையை மாட்டிக்கொள்வார். வாலைத் தூக்கினால் வழும்பு அவர் கண்ணுக்கு நேரே தொங்கும். அதை வைக்கோலால் துடைத்துப் போட்டுவிட்டு ஊசியைப் போடுவார். இப்படி மூன்று தடவை. மூன்று தடவையும் இருபத்தொன்றாம் நாள் பசு மறுபடி கத்தியது.

நாலாவது தடவை கத்தியபோது நான் வீட்டுக்குத் தூரம். கிணற்றுக்குப் பின்னால் விறகு போடும் கீற்றுச் சார்ப்பில் மூன்று நாள் இருக்க வேண்டும். கொட்டகைப் பக்கம் நிழல்கூடப் படக் கூடாது, பட்டால் பசு மடி காய்ந்துவிடும். விடியற்காலையில் பசு கத்துவதைச் சார்ப்பிலிருந்து கேட்டேன். அது பசிக்குக் கத்துகிற கத்தல் இல்லை, எனக்குத் தெரியும். கிணற்றடிக்கு வந்த மாமியாரிடம், "அத்தே, மாடு கத்துது பாருங்க" என்றேன்.

"தண்ணிக்குக் கத்துது. நீ அந்தாண்டயே கெட. அங்கேர்ந்து கத்தி கித்தி வைக்காத."

மாமியாருக்குக் கண் மங்கல். கறக்கும்போது அவர் மடியைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டார். அந்த நாள் போனது. மாட்டைப் பார்க்கத் தெரிந்த ஒருத்தியை, பார்க்க வேண்டிய நாளில், விறகோடு விறகாகப் போட்டுவைத்தார்கள்.

அந்த வாரமே எங்கள் தெருப் பக்கம் வந்த ஊசிக்காரர், "இது மலட்டு மாடு, இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காபி நேரத்தில் பெரிய மாமனார் தீர்ப்புச் சொன்னார்.

"மாட்டு மேல கொற இல்ல. தூரமான பொம்பள தொழுவத்துல கால் வச்சிருக்கா. அதான் சினை நிக்கல. வாலாஜாபாத் தரகன்கிட்ட சொல்லிக்கிறேன். கறிக்குத்தான் போவும், வேற எதுக்கு ஆவும்?"

நான் அடுப்படியில் இருந்தேன். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மாமியார் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தார். "நெசமா சொல்லு. தொட்டியா?"

"சத்தியமா இல்ல அத்தே."

எனக்கு முதல் வருஷமே பெண் குழந்தை பிறந்திருந்தது. இல்லாவிட்டால் மாட்டுக்குச் சொன்ன வார்த்தையையே எனக்கும் சொல்லியிருப்பார்கள். இரண்டு பேரையும் ஒரே லாரியில் ஏற்றியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது கணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். தரகர் வருவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை உத்திரமேரூர் டாக்டரிடம் காட்ட வேண்டும். என்ன நினைத்தாரோ, சரி என்றார். அடுத்த பருவத்தன்று ஓட்டிக்கொண்டு போனோம். நான் முன்னால் நடந்தால்தான் பசு நடக்கும், அதனால்தான் என்னையும் அழைத்துப் போனார்கள். பெரிய மாமனாரும் வந்தார். மாடு விஷயமாயிற்றே.

புளியமரத்தடியில் மரச்சட்டத்துக்குள் பசுவை நிறுத்தினார்கள். டாக்டர் வயதில் சின்னவர், கண்ணாடி போட்டவர். "போன கன்னுக்கு நஞ்சுக்கொடி தானா விழுந்ததா, கையால எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"தானா வுழுந்திச்சி சார். சுத்தமா வந்திச்சி" என்றார் பெரிய மாமனார்.

ஒரு பொய்யை அவ்வளவு சாதாரணமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. என் கணவர் தரையைப் பார்த்தார். டாக்டர் ஊசியை எடுக்கத் திரும்பினார். நான் பசுவின் பின்னால் நின்றிருந்தேன். பேச வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. அப்போது பசு முதுகை வளைத்தது, வழும்பு இறங்கியது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டு கையையும் நீட்டி அதைப் பிடித்தேன். அப்படியே கொண்டுபோய் டாக்டர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன்.

"சீ! இன்னாமே இது கருமம்! வுடு கைய!" என்று பெரிய மாமனார் கத்தினார்.

டாக்டர் என் உள்ளங்கையைக் குனிந்து பார்த்தார். ஊசியைத் திரும்ப வைத்துவிட்டு உறையை மாட்டிக்கொண்டு உள்ளே கை விட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கர்ப்பப்பை முழுக்க சீழ். இது மலடு இல்லய்யா, நோவு. இதுல எத்தனை ஊசி போட்டாலும் எப்படி நிக்கும்?" பிறகு என்னிடம், "நீதான் கறக்கறியாம்மா? எத்தனை நாளா இப்படி வருது?" என்றார்.

"முதல் ஊசிக்கு முன்னாடிலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குக் கோபம் வருகிறது. அவர் நல்ல மனுஷர். ஆனால் யாரிடம் சொல்லியிருக்க முடியும் என்று கேட்டிருக்க வேண்டும். அந்தக் கோபத்தில்தான் வார்த்தை வந்தது.

"செங்கல் கட்டுனாங்க. அப்புறம் கைய வுட்டு இஸ்தாங்க. பிஞ்சி பிஞ்சி வந்திச்சி. பாதி உள்ளயே நின்னுடுச்சி."

"செங்கல்லா?" டாக்டர் பெரிய மாமனாரைப் பார்த்தார். "கொடி உள்ள பொத்தான் பொத்தானா ஒட்டிட்டிருக்கும்யா. ஒவ்வொண்ணா தானா கழண்டு வரணும். பொத்தானைக் கழட்டாம சட்டையைப் பிடிச்சி இழுத்தா பொத்தான் தானா கழண்டு வருமா, துணியோட பிஞ்சி வருமா?"

பெரிய மாமனார் புளியமரத்தை அண்ணாந்து பார்த்தார். "அது பழைய வழக்கம் சார்."

டாக்டர் ஒரு நீளக் குழாயை விட்டு, டிங்க்சர் நிறத்தில் ஒரு மருந்தை உள்ளே செலுத்தினார். இன்னும் இரண்டு நாள் ஓட்டிக்கொண்டு வரச் சொன்னார். அடுத்த பருவத்துக்கு ஊசி வேண்டாம், பை ஆறட்டும், வழும்பின் நிறத்தை மட்டும் பார்த்து வை என்று என்னிடம் சொன்னார். கண்ணாடி மாதிரி இருந்தால் அதற்கடுத்த பருவத்துக்கு ஊசி. காலையில் பார்த்தால் அன்று சாயந்திரத்துக்குள் வந்துவிட வேண்டும்.

அப்படியென்றால் நாற்பத்திரண்டு நாள். வழியெல்லாம் பெரிய மாமனார் துண்டை உதறிக்கொண்டே நடந்தார். வீட்டு வாசலில் ஏறும்போது, "பொம்பள பேச்சக் கேட்டு நாப்பது நாள் தீனி போடணுமா? நாளைக்கி தரகன் வரான், பேஜார் முடிஞ்சிது" என்றார்.

எனக்கு இருந்த வார்த்தையெல்லாம் புளியமரத்தடியிலேயே தீர்ந்துவிட்டது. பேசியது மாமியார். மூத்தார் முன்னால் நேருக்கு நேர் பேசாதவர், உள்ளேயிருந்து தன் பிள்ளையிடம் சொல்வதுபோலச் சத்தமாகச் சொன்னார். "மாடு அவ நைனா குடுத்தது. விக்கறதுன்னா தாமலுக்குப் போயி அவுரைக் கேட்டுக்கினு வந்து வித்துக்கோ. செங்கல் கட்டுன கதையையும் சொல்லிட்டு வா."

தரகர் வரவில்லை. அன்று சாயந்திரம் அந்தச் செங்கல்லை எடுத்துக் கிணற்றில் போட்டேன். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னப் பொட்டலத்தைக் கையில் ஏந்திப் பார்த்தவர் அவர். அன்றே இந்தக் குரலில் பேசியிருந்தால் என்ன என்று அவர் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. என் மேலும் உண்டு.

இருபத்தொன்றாம் நாள் வழும்பு கண்ணாடியாக இருந்தது. கொட்டகையில் யாருமில்லாதபோது பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அடுத்த பருவத்துக்கு நாளை எண்ணிக்கொண்டு இருந்தேன். நாற்பத்தோராம் நாள் காலையில் எழுந்தபோது நான் தூரமாகியிருந்தேன்.

சொன்னால் சார்ப்பு. மூன்று நாள். மாமியார் கறப்பார், கண் தெரியாது, நாள் போகும். அப்புறம் தரகர்தான், தாமலுக்கு ஆள் அனுப்பிச் சம்மதம் வாங்குவது ஒன்றும் பெரிய காரியமில்லை. நான் சொல்லவில்லை. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

பயம் இல்லாமல் போனேன் என்று எழுத ஆசைதான். பயந்துகொண்டேதான் போனேன். தொட்டால் பால் ரத்தமாக வரும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். காம்பைப் பிடித்தபோது விரல் சில்லிட்டிருந்தது. பால் எப்போதும்போல வெள்ளையாக, நுரைத்துக்கொண்டு வந்தது. பசு என் தோளை நக்கியது. அவ்வளவுதான். இத்தனை வருஷம் இதற்காகவா என்னை விறகுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார்கள் என்று அங்கேயே உட்கார்ந்து பல்லைக் கடித்தேன்.

மறுநாள் விடியற்காலையில் பசு கத்தியது. வழும்பு தரையைத் தொடும் நீளத்துக்கு, அறுபடாமல், அந்தப் பக்கம் இருப்பது தெரிகிற மாதிரி தொங்கியது. மாமியாரிடம் போகவில்லை. நேராகப் போய்ப் படுத்திருந்த கணவரை எழுப்பினேன்.

"மாடு பருவத்துக்கு வந்திருக்குது. வழும்பு சுத்தமா கீது. சாயந்திரத்துக்குள்ள ஊசி போடணும். ஓட்டிக்கினு போலாம், வாங்க."

அவர் முகம் சிவந்துபோனது. "இத்தையெல்லாம் நீ வாய் விட்டு..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் கறந்து முடித்துவிட்டுத்தான் மாமியாரிடம் "இன்னிக்குத் தூரம்" என்று சொன்னேன். சார்ப்பில் போய் உட்கார்ந்தேன்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் கை விட்டுப் பார்த்து, "நின்னுடுச்சும்மா" என்றார். அந்தப் பசு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மூன்று கன்று போட்டது.

சினை நின்ற சேதி வந்த மறுநாள் பெரிய மாமனார் வழக்கம்போலக் காலையில் வந்து உட்கார்ந்தார். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். டாக்டரைப் பற்றி, மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் கணவரைப் பார்த்துச் சொன்னார்:

"பாத்தியா? நான் சொன்னேன் இல்ல? இந்த வாட்டி தூரத்துக்கு முன்னாடியே ஊசி போட்டாச்சி, தீட்டு படல. அதான் நின்னுச்சி. இனிமேட்டும் உன் பொண்டாட்டிய அப்பிடியே தள்ளி வச்சிக்க."

என் கணவர் தலையாட்டினார். மாமியார் பேசாமல் இருந்தார். நானும் பேசாமல் உள்ளே வந்துவிட்டேன். அவர் செத்தும் பல வருஷம் ஆகிறது, இப்போது சொன்னால் கேட்க ஆள் இல்லை. அதனால் என்ன, எழுதி வைக்கிறேன். தூரமான அந்த மூன்று நாளும் பால் கறந்தது நான்தான். மூன்று நாளும் அவர் வந்தார். மூன்று நாளும் அந்தப் பாலில் போட்ட காபியைத்தான் குடித்தார். இரண்டாம் நாள், நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.